உலகம்மாளின் ஈ

அந்தப் பையை மட்டும் நகர்த்த வேண்டாம் சார். உள்ளே கண்ணாடி இருக்கிறது. இருங்கள், நானே மடியில் வைத்துக்கொள்கிறேன். மடியில் வைத்தால் இந்தச் சட்டைப்பை நசுங்கும். சரி, நீங்கள் ஜன்னல் பக்கம் வந்துவிடுங்கள், நான் இந்தப் பக்கம். இல்லை, வேண்டாம், எனக்கு வெளிச்சம் வேண்டும். உட்காருங்கள் சார். ஒட்டன்சத்திரத்தில்தானே ஏறினீர்கள், எதுவரைக்கும்? பல்லடமா? நல்லது. நான் கோயம்புத்தூர். காலையில் சங்கரன்கோவிலில் ஏறியவன். ஏறியதிலிருந்து மூன்று நான்கு இடம் மாறிவிட்டேன். கண்டக்டர் என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்.

சட்டைப்பையைப் பார்க்கிறீர்கள். பிலிம் ரோல் டப்பாதான். உள்ளே பிலிம் இல்லை. ஒரு ஈ இருக்கிறது.

சிரிக்கலாம் சார், தப்பில்லை. என் மகள்கூடச் சிரித்தாள். பிறகு அழுதாள். அது வேறு கதை. வேறு கதை என்ன, இதே கதைதான். அப்புறம் சொல்கிறேன்.

இது சோற்றில் வந்து உட்காருகிற ஈ இல்லை. அதில் பாதிதான் இருக்கும். உடம்பெல்லாம் முள் முள்ளாக முடி. இது என்ன செய்யும் என்றால், கறிவேப்பிலைச் செடியில் பச்சைப்புழு இருக்கிறதே, பெரிய வண்ணத்துப்பூச்சியாக மாறுமே, அதன் தலைக்குப் பின்னால் போய் ஒரு முட்டையை ஒட்டிவிட்டு வந்துவிடும். புழுவுக்கு ஒன்றும் தெரியாது. அது பாட்டுக்குத் தின்னும், வளரும், கூடு கட்டும். கூட்டிலிருந்து வண்ணத்துப்பூச்சி வராது. ஈ வரும். புழுவை உள்ளிருந்தே தின்று முடித்திருக்கும்.

இதை முதலில் பார்த்தது நான் இல்லை. என் மனைவி உலகம்மாள். புறவாசல் கறிவேப்பிலை அவள் வைத்தது. புழு விழுந்தால் எல்லோரும் நசுக்குவார்கள், அவள் ஊறுகாய் பாட்டிலில் இலையோடு போட்டு, வாயில் துணி கட்டி, அடுப்படி ஜன்னலில் வைப்பாள். வண்ணத்துப்பூச்சி ஆனதும் திறந்துவிடுவாள். அவளுக்கு அது ஒரு விளையாட்டு. ஒரு மழைக்காலத்தில் கூட்டைப் பொத்துக்கொண்டு வெள்ளையாக ஏதோ இறங்கியது, பாட்டில் அடியில் கிடந்து குருணை மாதிரி பழுப்பாகிவிட்டது. சில நாள் கழித்து என்னைக் கூப்பிட்டாள்.

“ஏங்க, இங்க வந்து பாருங்க. பட்டுச்சேலை வரும்னு காத்துக்கிடந்தா ஈ வந்து நிக்குது.”

நான் போகவில்லை. கையில் ஒரு கல்யாண ஆல்பம் இருந்தது. “ஈக்கு ஒரு கூப்பாடா” என்று இருந்த இடத்திலிருந்தே சத்தம் போட்டேன். அடுத்த மழைக்காலத்துக்கு அவள் இல்லை. ரத்தக்கொதிப்பு. திடீரென்று.

அதற்குப் பிறகு அந்தச் செடிப் பக்கம் போய் உட்கார ஆரம்பித்தேன். வீட்டுக்குள் உட்கார முடியவில்லை சார், அவ்வளவுதான். கை சும்மா இருக்காது. ஸ்டூடியோவை அதற்கு முன்பே மூடிவிட்டேன்.

சொல்லவில்லையே, நான் போட்டோக்காரன். அருவி ஸ்டூடியோ தெய்வநாயகம் என்றால் எங்கள் பக்கம் தெரியும். போட்டோவை யார் வேண்டுமானாலும் எடுப்பான். என் கை டச்சிங்கில். டச்சிங் என்றால், எடுத்த படத்தைச் சுத்தம் பண்ணுவது. அந்தக் காலத்தில் நெகட்டிவிலேயே செய்வோம். கண்ணாடிக்குக் கீழே விளக்கு, மேலே பூதக்கண்ணாடி, கையில் பென்சில், பிளேடு. அம்மைத் தழும்பு, பரு, கண்ணுக்குக் கீழே கருப்பு, எல்லாவற்றையும் எடுத்துவிடலாம். நெகட்டிவில் வெள்ளை கருப்பாக இருக்கும், பின்பக்கம் திருப்பி வைத்தால் இடது வலதாக இருக்கும். பழகிவிட்டால் அதுதான் நிஜ முகம் மாதிரி ஆகிவிடும். கம்ப்யூட்டர் வந்தது, அதிலும் கற்றுக்கொண்டேன். போன் வந்தது, இப்போது விரலால் செய்கிறேன். என்னை யாரும் பழைய ஆள் என்று ஒதுக்க முடியாது.

என் கை எப்படி என்றால், ஒன்று சொல்கிறேன் கேளுங்கள். புளியங்குடியில் ஒரு பெண்ணுக்கு வரன் பார்க்கப் படம் எடுத்துக் கொடுத்தேன். கன்னத்தில் தீக்காயம், நிறமும் கொஞ்சம் மட்டு. நான் செய்து கொடுத்த படத்தைப் பார்த்து மாப்பிள்ளை வீட்டார் வேனில் வந்து இறங்கிவிட்டார்கள். அந்தப் பெண்ணே காபித் தட்டோடு வந்து நிற்கிறது. தட்டிலிருந்து ஒரு தம்ளரை எடுத்துக்கொண்டே மாப்பிள்ளையின் அம்மா கேட்கிறாள், “பொண்ணைக் கூப்பிடுங்களேன், நேரமாகுது.”

பாருங்கள் சார். அப்படி ஒரு வேலை. அந்த இடம் அமையவில்லை, அது வேறு. படத்தில் குறை சொல்ல முடியாது.

இதை வீட்டில் வந்து பெருமையாகச் சொன்னேன். உலகம்மாள் சோற்றுத் தட்டை வைத்த சத்தம் தெருவுக்குக் கேட்டிருக்கும். “நாளைக்கு நான் செத்தாலும் என் மூஞ்சியையும் இப்படிக் கழுவித்தான் மாட்டுவியளோ?” என்றாள். அவளுக்குத் தொழில் புரியாது.

சரி, ஈக்கு வருகிறேன். பஸ் ஏன் நிற்கிறது? யாரோ ஏறுகிறார்கள். சரி.

ஸ்டூடியோ பூதக்கண்ணாடியைப் போன் கேமரா மேல் டேப் போட்டு ஒட்டினேன். செடிப் பக்கம் உட்கார்ந்து அந்த ஈயைப் படம் எடுத்தேன். பூச்சிப் படம் போட்டால் பெயர் சொல்கிற ஒரு தளம் இருக்கிறது, மாப்பிள்ளைதான் போனில் வைத்துக்கொடுத்தார். உலகம் முழுவதும் ஆட்கள் உட்கார்ந்து பார்க்கிறார்கள் சார், வேலை வெட்டி இல்லாமல். நீங்கள் ஒரு பெயர் சொல்லலாம், இன்னொருவர் அது இல்லை என்று சொல்லலாம். எனக்குப் பிடித்துப்போயிற்று. என் படங்களைப் பார்த்து எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். அவ்வளவு சுத்தம். மற்றவன் படத்தில் ஈ இருக்கும், கூடவே தூசி, நூலாம்படை, கோடு, கீறல். என் படத்தில் ஈ மட்டும்.

ஆனால் பெயர் கேட்டால் சொல்ல மாட்டார்கள். “படத்தை வைத்து இதற்கு மேல் சொல்ல முடியாது.” இதே பாட்டு. இந்தக் குடும்பத்து ஈ, அவ்வளவுதான், இனம் சொல்ல முடியாது. ஆத்திரமாக வரும். வாழ்நாள் முழுக்க முகத்தைப் பார்த்து இது யார் வீட்டுப் பிள்ளை என்று சொன்னவன் நான், என்னிடம் படத்தை வைத்துச் சொல்ல முடியாது என்கிறார்கள். பெல்ஜியத்தில் ஒருத்தர், பெரியவர்தான், அவர் என்ன எழுதினார் தெரியுமா? ‘உங்கள் ஊர் ஈக்களுக்கு மட்டும் இரண்டு கண்ணிலும் ஜன்னல் தெரிகிறதே, எப்படி?’ என்று. கண்ணில் ஒரு சின்ன வெளிச்சப் புள்ளி வைப்போம் சார். அது இல்லாவிட்டால் எந்த முகமும் செத்த முகமாக இருக்கும். அதை நான் ஈக்கும் வைத்தேன். கவனித்துக் கேட்டாரே, மனிதர் ரசிகர்.

அப்போதுதான் கோயம்புத்தூரிலிருந்து டாக்டர் யமுனா எழுதினார்கள். டாக்டர் என்றால் ஊசி போடுகிறவர் இல்லை, இந்த ஈக்களையே படித்தவர். நல்ல மனுஷி. தமிழில்தான் எழுதுவார்கள். இந்த ஈ ஊரெல்லாம் இருக்கிற ஒரு இனம் மாதிரிதான் தெரிகிறது, ஆனால் முதுகு முடிகிற இடத்தில் ஒரு முக்கோணம் இருக்கும், அதன் முனையில் இரண்டு முடி ஒன்றையொன்று குறுக்கே வெட்டிக்கொண்டு நிற்க வேண்டும், உங்கள் படம் எதிலும் அது இல்லை, ஒருவேளை இது யாரும் இதுவரை எழுதாத புது இனமாகக்கூட இருக்கலாம் என்று. கடைசியில் ஒரு வரி. புது இனம் என்று உறுதியானால் உங்களுக்குப் பிடித்த பெயரை நீங்கள் சொல்லலாம் ஐயா.

அந்த வரியை எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியாது. எனக்கு ஒரே பெயர்தான் தோன்றியது. பேர் புகழுக்காக இல்லை சார். என் பெயரை வைக்கவா கேட்டேன்? பார்த்தது அவள். கூப்பிட்டதும் அவள். நான்தான் போகவில்லை. அவள் பெயர் உலகம் முழுக்கப் புத்தகத்தில் இருக்கும். உலகம்மாள் ஈ.

மகளுக்குப் போன் போட்டேன். செண்பகம், கோயம்புத்தூரில்தான் இருக்கிறாள், சிங்காநல்லூரில். விஷயத்தைச் சொன்னேன்.

“அம்மா பேரை ஈக்கு வைக்கப் போறீங்களா?” என்றாள். சிரித்தாள். நன்றாகத்தான் சிரித்தாள். அப்படியே குரல் மாறிவிட்டது. “அந்தப் படத்துக்கு ஒரு வழி பண்ணுங்கப்பா மொதல்ல” என்றாள்.

இந்தப் பையில் இருப்பது அந்தப் படம்தான். கண்ணாடி போட்டது. உலகம்மாள் போன பிறகு மாலை போட்டு மாட்ட என்று நான் என் கையால் செய்தது, என் வேலையில் இது மாதிரி இன்னொன்று இல்லை. மகள் வீட்டு நடுவறையில் மாட்டக் கொடுத்தேன். மாப்பிள்ளை கையில் திருப்பி அனுப்பிவிட்டாள். மாமா, அவ மனசு சரியில்லை, அப்புறம் பாத்துக்கலாம் என்று மாப்பிள்ளை தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். உலகம்மாளுக்குத் தாடையில் இடது பக்கம் ஒரு மரு. வலதோ, சரி, தாடையில். பழுப்பு நிறத்தில், மிளகு அளவுக்கு. அதில் ஒரே ஒரு முடி. மாலை போடுகிற படத்தில் அதை வைப்பார்களா சார்? யார் வீட்டில் வைப்பார்கள்? எடுத்துவிட்டேன்.

“அதைப் பிடிச்சுக்கிட்டுத்தான் நான் தூங்குவேன், தெரியுமில்ல?” என்கிறாள் மகள். “அது இல்லாம இது யாருப்பா? பக்கத்து வீட்டு அக்கா மாதிரி இருக்கு. மரு இருக்கிற படம் ஒண்ணே ஒண்ணு குடுங்க, போதும்.”

தேடினேன் சார். பரண் முழுக்க இறக்கினேன். கல்யாணப் படம், வளைகாப்பு, திருச்செந்தூர் போனது, எல்லாம் இருக்கிறது. மரு எதிலும் இல்லை. நெகட்டிவிலேயே சுரண்டியிருக்கிறேன். போனில் எடுத்ததையும் அன்றைக்கன்றைக்கே சுத்தம் பண்ணிவிட்டு மற்றதை அழித்துவிடுவேன். வேலையைப் பாக்கி வைக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. உலகம்மாளின் அக்கா மகன் கல்யாண வீடியோவில் இருக்குமோ என்று பார்த்தேன். பந்தியில் தண்ணீர் ஊற்றுகிறாள், முதுகுதான் தெரிகிறது.

இல்லை என்றேன். செண்பகம் போனை வைத்துவிட்டாள். ஆறேழு மாதமாக வாரத்துக்கு ஒரு தடவை, சாப்பிட்டீங்களா, மருந்து போட்டீங்களா, அவ்வளவுதான் பேச்சு. அதனால்தான் படத்தையும் எடுத்துக்கொண்டு கிளம்பினேன். ஈக்கு அம்மா பெயர் என்று டாக்டர் வாயால் சொல்லிவிட்டால் அவள் மனசு மாறிவிடும். மாறாதா சார்? நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

சரி. டாக்டர் விஷயத்தை முடித்துவிடுகிறேன், தாராபுரம் வரப்போகிறது. அவர்கள் ஒரிஜினல் படம் அனுப்புங்கள் என்றார்கள். அனுப்பினேன். இது இல்லை ஐயா, ஒரிஜினல் என்றார்கள். மறுபடி அனுப்பினேன். மறுபடியும் அதே கேள்வி. எனக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. நல்லதாகப் பார்த்து ஒருவன் கொடுக்கும்போது அதற்கு முந்தினதைக் கொடு என்றால் என்ன அர்த்தம்? முந்தினது ஏது? அழித்தாயிற்று. அப்புறம் போனிலேயே கூப்பிட்டார்கள்.

“ஐயா, படத்துல எதுவும் எடிட் பண்ணினீங்களா?”

“எடிட் எல்லாம் இல்லம்மா. சுத்தம் மட்டும் பண்ணினேன்.”

“சுத்தம்னா?”

“தூசி தட்டுறதும்மா. ஸ்டூடியோவுல எல்லாரும் பண்றதுதான்.”

பிறகு மெதுவாகச் சொன்னார்கள், “ஐயா, அந்த ஈயை ஒண்ணு பிடிச்சுக் கொண்டாங்க. எப்படி இருக்கோ அப்படியே கொண்டாங்க.”

அலைந்திருக்கிறேன் சார் இதைப் பிடிக்க. வெயிலில் நிற்கும், கை நீட்டினால் இருக்காது. கடைசியில் அதே ஊறுகாய் பாட்டிலில் புழுவை வைத்துக் காத்திருந்தேன். உலகம்மாள் செய்த மாதிரியே. ஒவ்வொரு புழுவாக வண்ணத்துப்பூச்சியாகிப் பறக்கிறது, எனக்கு எரிச்சல். இப்படி எரிச்சல்படுகிறவன் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். பிறகு ஒன்றில் வந்தது. ஃபிரிட்ஜில் வைத்து உறங்க வைத்தேன், அப்படியே அடங்கிவிட்டது. பஞ்சு போட்டு டப்பாவில் வைத்தேன். டாக்டருக்குக் கொடுக்கும் முன் ஒரு தடவை சுத்தமாகப் பார்த்துக் கொடுக்கலாம் என்று பூதக்கண்ணாடியும் பிரஷும் எடுத்துவந்திருக்கிறேன். இந்த பிரஷ் பாருங்கள், முனையில் நாலைந்து முடிதான் இருக்கும். என் முதலாளி கொடுத்தது.

தாராபுரம். டிரைவர் டீ குடிக்கப் போகிறார். பஸ் ஆடாது, நல்லதாகப் போயிற்று. நீங்களும் பாருங்கள் சார். கணக்கு எழுதுகிறவர் என்றீர்களே, கண் நல்லா இருக்கும். மூச்சு விடாதீர்கள், பறந்துவிடும். செத்ததுதான், இருந்தாலும் பஞ்சு போல. அப்படித்தான், கண்ணாடியைக் கண்ணோடு ஒட்டி. தெரிகிறதா? தலை இந்தப் பக்கம். முதுகு முடிகிற இடத்தில் முக்கோணம். அதுதான். அதில் முடி இருக்காது.

என்ன? இரண்டா?

எங்கே, கொடுங்கள்.

தூசி சார். பஞ்சிலிருந்து ஒட்டியிருக்கும். கோடு விழுந்த மாதிரி குறுக்கே, படத்தில்கூட ஒவ்வொன்றிலும் இப்படித்தான் வந்து தொலையும். எடுத்துக்கொண்டே இருப்பேன். இருங்கள், தட்டிவிடுகிறேன்.

கையைப் பிடிக்காதீர்கள் சார். என் கை ஆடாது. லேசாக நுனியால்...

வளைகிறது. விட்டால் நிமிர்ந்துகொள்கிறது.

பாருங்கள், இன்னொரு தடவை. மறுபடி நிமிர்ந்துகொள்கிறது. அதே குறுக்கு.

ஒவ்வொன்றிலும் என்று சொன்னேன் இல்லையா? ஆமாம். ஒவ்வொன்றிலும்தான்.

இதை எடுப்பது ஒன்றும் பெரிய வேலை இல்லை சார். பிரஷ் கட்டையின் முனையால் ஒரு நெம்பு நெம்பினால் வந்துவிடும். யாருக்கும் தெரியாது. டாக்டர் கண்ணாடி வைத்துப் பார்ப்பார்கள், இல்லை என்பார்கள், புதுசு என்பார்கள். இது இருந்தால் ஒரு பார்வையிலேயே, ஊரெல்லாம் இருக்கிற ஈ ஐயா, என்று சொல்லிவிடுவார்கள்.

ஒரு நெம்பு. அவ்வளவுதான்.

உலகம்மாளும் அந்த மரு முடியைப் பிடுங்கச் சொல்லுவாள். எங்காவது கல்யாணம் காட்சி என்றால் முந்தின நாள் என் ஸ்டூடியோ சிமிட்டாவை, அந்தச் சின்ன இடுக்கியை, எடுத்து வைத்துக்கொண்டு கண்ணாடி முன்னால் நிற்பாள். “பிடுங்குங்க, உங்களுக்குத்தான் கண்ணை உறுத்துது” என்று முகத்தை நீட்டுவாள். பிடுங்கிவிடுவேன். பத்து இருபது நாளில் மறுபடி வந்து நிற்கும். அதே இடத்தில், அதே வளைவாக.

பஸ் கிளம்புகிறது. மூடுங்கள் சார், டப்பாவை நீங்களே மூடுங்கள். என் கையில் பிரஷ் இருக்கிறது. அழுத்தி மூடுங்கள். அப்படியே என் சட்டைப்பையில் போட்டுவிடுங்கள்.

இந்த பிரஷை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். பல்லடம் வரைக்கும். வழியில் நான் கேட்டாலும் கொடுக்காதீர்கள். நான் கேட்பேன். என்னென்னவோ சொல்லிக் கேட்பேன், கொடுக்காதீர்கள்.

ஆனால் இறங்கும்போது மறக்காமல் கொடுத்துவிடுங்கள் சார். அந்த நேரம் கண்டக்டரிடம் டப்பாவைக் கொடுத்துவைக்கிறேன். பிரஷ் எனக்கு வேண்டும். டாக்டரைப் பார்த்துவிட்டு நேரே சிங்காநல்லூர் போகிறேன். கண்ணாடியைக் கழற்றினால் படத்தில் ஒரு புள்ளி வைக்கிற வேலைதான், மிளகு அளவுக்கு. ஒரு முடி இழுக்க வேண்டும். அரை நிமிஷம்கூட ஆகாது.

செண்பகத்திடம் கேட்க வேண்டும், எந்தப் பக்கம் என்று.